சுற்றளவு குறையாது

ஊரில் அவருக்கு டேப்புக்காரர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அலுவலக வருகைப் பதிவேட்டோடு சரி. அந்தப் பெயரைச் சொல்லி வாசலில் யாராவது விசாரித்தால் அவர் மனைவியே ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் "ஆமா, இந்த வீடுதான்" என்பாள்.

நகரத்துக்கு மேலே மலைச்சரிவில் இருக்கிற காட்டில் இரண்டரை ஏக்கரை வனத்துறை நாலு மூலைக்குக் கல் நட்டு ஒதுக்கி வைத்திருந்தது. அதற்குள் அறுநூற்றுப் பன்னிரண்டு மரங்கள். ஒவ்வொன்றிலும் நெஞ்சுயரத்தில் ஒரு சிவப்பு வளையம், அதற்கு ஒரு சாண் மேலே ஆணியில் தொங்கும் அலுமினியத் தகடு, தகட்டில் மரத்தின் எண். வருஷத்துக்கு ஒரு தடவை, அதே மாதம், அதே தேதியில் தொடங்கி, பதினோரு நாளில் அத்தனை மரத்தின் சுற்றளவையும் மில்லிமீட்டர் பிசகாமல் எடுக்க வேண்டும். மற்ற நாட்களில் அவர் தீத்தடுப்புக் கோடு வெட்டுவார், பாதை துப்புரவு செய்வார், யாராவது அதிகாரி வந்தால் பின்னால் குடை பிடிக்காத குறையாக நடப்பார். ஆனால் அந்தப் பதினோரு நாள் அவர்தான் ராஜா.

டேப்பைச் சுற்ற மரத்தைக் கட்டிப் பிடிக்கத்தான் வேண்டும், வேறு வழி கிடையாது. ஒரு கையால் டேப்பின் நுனியைப் பிடித்து, கன்னத்தைப் பட்டையில் அழுத்தி, மறு கையால் பின்பக்கம் துழாவிப் பிடிக்க வேண்டும். கல்யாணமான புதிதில் அவர் மனைவியின் காதில் இதை யாரோ போட்டுவிட்டார்கள். "வருஷத்துக்கு ஒரு தரம் அறுநூறு பேரைக் கட்டிப் பிடிக்கிற ஆளைப் போய் எனக்குக் கட்டி வச்சிருக்காங்க" என்று அன்றிலிருந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் தையல்காரி. வீட்டுக் கூடத்தில் ஒரு மிஷின், சுவரில் ஒரு நிலைக்கண்ணாடி, கழுத்தில் எப்போதும் ஒரு டேப். அவர் இரும்பு டேப், அவள் துணி டேப். இந்த வீட்டில் அளவு தெரியாமல் நடந்தது பிள்ளைகள் பிறந்தது ஒன்றுதான் என்று அவரும் பதிலுக்குக் கிண்டல் செய்வார். பெண்கள் மூன்று பேரும் இப்போது வெவ்வேறு ஊர்களில் குடும்பமாக இருக்கிறார்கள்.

வேலையில் மனிதர் படு கறார். காலை ஒன்பது மணிக்குப் பிறகு டேப்பைத் தொட மாட்டார். மரம் இரவில் தண்ணீர் குடித்துக் கொஞ்சம் பருக்கும், வெயில் ஏற ஏறக் கொஞ்சம் சுருங்கும், நடுப்பகலில் அளந்தால் ஒரு மில்லிமீட்டர் குறைத்துக் காட்டும் என்பதை யாரும் சொல்லித்தராமல் தானே கண்டுபிடித்து வைத்திருந்தார். பட்டையில் இருக்கிற பாசியைப் பிரஷால் துடைப்பார். அளவை இரண்டு முறை உரக்கச் சொல்வார். எழுதுகிற ஆள் அதைத் திருப்பிச் சொன்ன பிறகே டேப்பைத் தளர்த்துவார். எழுதுகிற ஆள் கடந்த பதினைந்து வருஷமாக அவருடைய மச்சினன், மனைவியின் கடைசித் தம்பி. பையனுக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், வேலையில் நாட்டம் மட்டும் கொஞ்சம் மட்டு.

இருபத்தேழு வருஷம் இப்படியே போயிற்று. வருஷத்துக்கு இரண்டு மில்லி, மூன்று மில்லி, சில திமிர் பிடித்த இளமரங்கள் எட்டு மில்லி. இருநூற்று நாலாம் எண் எப்போதும் சோம்பேறி. நானூற்றுப் பதினேழு தன் பக்கத்து மரத்தின் வெளிச்சத்தைத் திருடியே பெருத்த ஆள். அவருக்கு மரங்களைப் பற்றி இந்த மாதிரி அபிப்பிராயங்கள் நிறைய உண்டு.

இருபத்தெட்டாவது வருஷத்துக்கு முன்னாலேயே வானம் போக்குக் காட்டத் தொடங்கியிருந்தது. காலையில் சரிவை மூடிக்கொண்டு பத்து மணி வரை போக மாட்டேன் என்று அடம் பிடிக்கிற மூடுபனி, மேலே மேலே ஏறி, உச்சியில் மட்டும் நின்றது. பிறகு அங்கேயும் இல்லை. மழை பெய்யாமல் போய்விட்டது என்று சொல்ல முடியாது. நாலு மாதம் பெய்ய வேண்டியதை நாலு நாளில் கொட்டிவிட்டுப் போனது. அந்தத் தண்ணீர் மேல்மண்ணையும் இழுத்துக்கொண்டு ஓடியது. மண்ணுக்குள் இறங்க அதற்கு நேரமே இல்லை. மற்றபடி வெயில். ராத்திரியிலும் ஆறாத வெயில்.

அந்த வருஷம் டேப்பைச் சுற்றியபோது முதல் மரமே இரண்டு மில்லி குறைவாகக் காட்டியது. துடைத்து மறுபடி அளந்தார். அதேதான். அடுத்தது மூன்று. பத்தாவது மரம் வந்தபோது மச்சினன் பேனாவை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தான். "காய்ச்சல்டா, தண்ணி இல்லாம இளைச்சிருக்கு. உள்ளதை எழுது" என்றார் அவர். எழுதினான். மொத்தத்தில் நூற்று நாற்பத்து மூன்று மரங்கள் போன வருஷத்தைவிட மெலிந்திருந்தன.

தாள்கள் அலுவலகத்துக்குப் போயின, மூன்றாம் நாளே திரும்பி வந்தன. பதிவுப் பிரிவில் ஓர் அம்மாள் அப்போதுதான் மாற்றலாகி வந்திருந்தார். நல்ல மாதிரி, சிரித்த முகம், வேலையில் புலி. கம்ப்யூட்டரில் எண்களை ஏற்றினால் நூற்று நாற்பத்து மூன்று கட்டங்கள் சிவப்பாகின்றன என்று அவரைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்தப் புரோகிராம் எழுதிய யாரோ ஒரு புத்திசாலி, மரத்தின் சுற்றளவு குறையாது, குறைந்தால் அது அளந்தவன் தவறு என்று அதற்குச் சொல்லி வைத்திருந்தான். சிவப்பு இருக்கும்வரை மொத்தப் பதிவும் ஏறாது. டேப்புக்காரர் விளக்கப் பார்த்தார். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மரம் என்னங்க, பட்டினி கிடக்குதா? வளர்ந்தது திரும்பக் குறையுமா? போய் இன்னொரு தடவை பார்த்துட்டு வாங்க" என்றார்.

ஒரு வாரக் கெடு. வேறு வேலைகளும் தலையில் இருந்ததால் நடுப்பகலில்தான் போக முடிந்தது. நடுப்பகலில் மரம் இன்னும் சுருங்கித்தானே இருக்கும்? இரண்டு குறைந்த இடத்தில் இப்போது மூன்று. மரத்தடியில் உட்கார்ந்து அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். மச்சினன்தான் அந்த யோசனையைச் சொன்னான். "அத்தான், போன வருஷ நம்பரையே போட்டுடுவோம். மழை வந்தா எப்படியும் அந்த அளவுக்கு ஊதிரும். அடுத்த வருஷம் சரியாயிடும்." அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எழுந்து அடுத்த மரத்துக்குப் போனார். அதுதான் சம்மதம். முப்பத்தோரு வருஷத்தில் அவர் செய்த ஒரே தப்பு அது, அதைச் செய்ய அவருக்கு ஒரு வார்த்தைகூடத் தேவைப்படவில்லை.

சிவப்பு போயிற்று. பதிலாக மஞ்சள் வந்தது. ஒரே எண் இத்தனை மரத்துக்குத் திரும்ப வந்தால், நேரில் போகாமல் காப்பியடித்ததாகச் சந்தேகம் என்று அர்த்தமாம். ஆகவே மச்சினன் ஒன்றுக்கு ஒரு மில்லி, இன்னொன்றுக்கு இரண்டு மில்லி கூட்டினான். கட்டங்கள் பச்சையாயின. அலுவலகம் வாய் மூடியது.

வீட்டில் இதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். மனைவி சிரிக்கவில்லை. மிஷினை நிறுத்திவிட்டு, தன்னிடம் வருகிற ஒருத்தி நோயில் விழுந்து பாதியாகிவிட்டதைச் சொல்லி, அவளிடம் பழைய அளவுக்கே ரவிக்கை தைத்துக் கொடுத்தால் அவளுக்குச் சந்தோஷமாக இருக்குமா, கண்ணாடி முன்னால் நின்று அழுவாளா என்று கேட்டாள். "இளைச்ச உடம்பை இளைச்சதுன்னுதாங்க எழுதணும். அப்பதான் யாராவது டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போவாங்க." மரத்துக்கு எந்த டாக்டர் இருக்கிறான் என்று அவர் பேச்சை மாற்றினார். மழை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

மழை அடுத்த வருஷமும் ஏமாற்றியது, அதற்கடுத்த வருஷமும். பொய் மட்டும் வருஷா வருஷம் ஒழுங்காக வளர்ந்தது. காகிதத்தில் இருந்த காட்டுக்கும் சரிவில் நின்ற காட்டுக்கும் இடையில் விரலை விடலாம் போல இடைவெளி விழுந்தது. இனி உண்மையை எழுதினால் ஒரு மரத்துக்கு ஒரேயடியாக எட்டு, பத்து மில்லி குறையும். அந்தச் சிவப்பை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது? பொய் சொன்னவனுக்கு நிறுத்துகிற இடம் தெரிவதில்லை, அவ்வளவுதான் விஷயம்.

காட்டில் முதலில் போனவை கன்றுகள். முழங்கால் உயரச் செடிகள் எல்லாம் கருகி, தரை துடைத்துவிட்டது போல் ஆயிற்று. ஓடை நின்றது. ஓடை நின்றதும் தவளைச் சத்தம் நின்றது. தவளை இல்லாத இடத்தில் பூச்சிகள் மண்டின. பூ வரவேண்டிய மாதத்தில் மரங்கள் இலையைக் கொட்டின. பூ இல்லை, தேனீ இல்லை, காய் இல்லை. காய் தின்கிற பறவைகள் இரண்டு வருஷம் வந்து பார்த்துவிட்டு மூன்றாம் வருஷம் வரவில்லை. அவை வந்தால்தானே விதை வேறு இடத்துக்குப் போகும்? குரங்குகள் நகரத்துக்கு இறங்கி மொட்டைமாடித் தொட்டிகளின் மூடியைத் திறக்கப் பழகிக்கொண்டன. அப்புறம் வண்டு. நல்ல மரத்தை வண்டு துளைத்தால் மரம் பிசினைக் கக்கி அதை மூழ்கடித்துவிடும். தாகத்தில் நிற்கிற மரத்துக்குப் பிசின் ஏது? பட்டைக்குள் சாவகாசமாகக் குடும்பம் நடத்தின. மரத்தடியில் மாவு சலித்த மாதிரி மரத்தூள் விழுந்து கிடந்தது. மரங்கொத்திகளுக்குத்தான் நல்ல காலம்.

நின்ற நிலையில் காய்ந்த மரங்களை என்னவென்று எழுதுவது என்பது இன்னொரு கூத்து. படிவத்தில் சாவுக்கு மூன்று கட்டங்கள்தான் உண்டு. காற்று, இடி, வெட்டு. தாகத்துக்குக் கட்டம் கிடையாது. மச்சினன் 'காற்று' என்று எழுதினான். இலைகூட அசையாத அந்தக் கோடைகளில் காகிதத்தில் நாற்பது மரங்களைக் காற்று சாய்த்தது. அதற்கு மேல் செத்தவை காகிதத்தில் வளர்ந்துகொண்டே இருந்தன.

கீழே நகரமும் தவித்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். குழாயில் நாலு நாளைக்கு ஒரு முறை, ஒரு மணி நேரம். டேப்புக்காரரின் மனைவி துணியை நனைத்துத் தேய்க்கக்கூடக் குடிக்கிற தண்ணீரைத்தான் எடுத்தாள். தண்ணீர் வாரியம் மலையடிவாரத்தில் ஆறு ஆழ்துளைக் கிணறு போட்டு நாளுக்கு இருபது மணி நேரம் உறிஞ்சியது. மரங்களின் வேருக்கு எட்டிக்கொண்டிருந்த கொஞ்ச நஞ்ச ஈரமும் கீழே கீழே போனது. அவருக்கு அது தெரியும். வீட்டுக் குடத்தில் விழுகிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரியும். அவரால் யாரைத் திட்ட முடியும்?

முப்பத்தோராவது வருஷ அளவு முடிந்து இரண்டு மாதம் கழித்து, நகர மண்டபத்தில் வாரியம் ஒரு கூட்டம் போட்டது. மக்களின் சந்தேகங்களுக்குப் பதில் சொல்வார்களாம். அவர் மனைவி தெருக்குழாயைப் பற்றிக் கேட்கப் போனாள், இவர் துணைக்குப் போனார். வாரியத்தின் பொறியாளர் இளைஞர், தூக்கமில்லாத கண்கள். தன் வீட்டிலும் தண்ணீர் இல்லை என்று தொடங்கினார். கிணறுகளால் காடு சாகிறது என்று யாரோ எழுந்து சொன்னபோது அவர் கோபப்படவில்லை. திரையில் ஒரு கோட்டைக் காட்டினார். அது இடமிருந்து வலமாக மெதுவாக, சீராக, ஏறிக்கொண்டே போனது. "நாங்க கண்ணை மூடிட்டு உறிஞ்சலைங்க. அனுமதியிலேயே நிபந்தனை இருக்கு. மேல காட்டுல வனத்துறை வருஷா வருஷம் மரங்களை அளக்கறாங்க. ரெண்டு வருஷம் தொடர்ந்து வளர்ச்சி நின்னா ஆறு கிணத்தையும் அன்னிக்கே மூடணும். ஆனா பாருங்க, காடு நல்லா இருக்கு."

டேப்புக்காரர் கோட்டின் நுனியிலிருந்து பின்னோக்கி எண்ணினார். அந்தக் கோட்டின் கடைசி நாலு புள்ளிகள் மச்சினன் மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்து போட்டவை. இப்படி ஒரு நிபந்தனை இருப்பதை அவருக்கு யாரும் சொன்னதில்லை. அளக்கிறவனிடம் எதற்காக அளக்கிறாய் என்று யார் சொல்லப் போகிறார்கள்? உண்மையை எழுதியிருந்தால் இரண்டு வருஷத்துக்கு முன்பே கிணறுகள் நின்றிருக்கும். அப்போது வண்டு வந்திருக்கவில்லை. பக்கத்திலிருந்த மனைவி திரையைப் பார்த்து, அவரைப் பார்த்து, குழாயைப் பற்றிக் கேட்காமலே உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் சாப்பிடவில்லை. சொல்லிவிடப் போகிறேன் என்றார். மச்சினனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னால் அவன் கைகழுவிக்கொண்டான். வெறுமனே பொய் எழுதினோம் என்று போய் நின்றால் எது பொய், எவ்வளவு பொய் என்று கேட்பார்களே, உண்மை எண் எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. திரும்பி வந்த பழைய தாள்களில் அவர்களே அடுப்பு மூட்டியாயிற்று. ஆகவே முதலிலிருந்து அளந்தாக வேண்டும். "எழுத நான் வர்றேன். எண் எழுதத் தெரியாதா எனக்கு?" என்றாள் மனைவி. மிஷினுக்கு உறை போட்டாள்.

முப்பது வருஷக் குடும்ப வாழ்க்கையில் அவள் அந்தக் காட்டுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. முதல் நாள், மரத்தைக் கட்டிப் பிடிக்கிற வேடிக்கையைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தாள். இரண்டாம் நாளிலிருந்து சிரிப்பு இல்லை. அவர் கன்னத்தை வைத்த இடத்தில் பட்டை பொருக்குப் பொருக்காகக் கையோடு வந்தது. இலை இல்லாததால் காட்டுக்குள் நிழலே இல்லை. அவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு எழுதினாள். காகிதத்தில் இருப்பதைவிட எட்டு குறைவு, பதினொன்று குறைவு, பதினான்கு குறைவு. பல மரங்களில் அவர் எண்ணே சொல்லவில்லை, தகட்டைப் பார்த்துவிட்டு "போயிடுச்சு" என்றார். சாவுக் காரணம் என்ற இடத்தில் அவள் கட்டங்களை விட்டுவிட்டு, ஓரத்தில் 'தண்ணீர் இல்லை' என்று எழுதினாள். பதினோராம் நாள் கூட்டிப் பார்த்தார்கள். இருநூற்றெண்பத்தாறு செத்திருந்தது. மிச்சத்தில் ஒன்றுகூட வளர்ந்திருக்கவில்லை. இருந்தாலும் அவருக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது. மிச்சம் முன்னூறு சொச்சம் இருக்கிறதே. கிணறு நின்றால் அதில் பாதியாவது பிழைக்கும்.

பதிவுப் பிரிவு அம்மாள் கதவைச் சாத்திவிட்டு முழுதும் கேட்டார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். "சொன்னேங்க. சிவப்பா இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டீங்க" என்றார் இவர், குற்றம் சொல்லும் குரலில்லை, நடந்ததைச் சொல்கிற குரல். அந்த அம்மாள் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். நினைத்திருந்தால் அந்தத் தாள்களைக் கிழித்துக் கூடையில் போட்டிருக்கலாம், இருவர் தலையும் தப்பியிருக்கும். அப்படிச் செய்யவில்லை. தன் தவறையும் சேர்த்தே எழுதி, புது அளவுகளை இணைத்து, கிணறுகளை உடனே மூடப் பரிந்துரைத்து, தலைமையகத்துக்கு அன்றே அனுப்பினார். அளந்தவர், எழுதிய மனைவி, அந்த அம்மாள், மூன்று பேரும் அதில் கையெழுத்துப் போட்டார்கள். பதிலுக்குக் காத்திருந்த அந்த ஒரு மாதம் டேப்புக்காரர் பல வருஷத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கினார்.

பதில் வந்ததும் அம்மாள் இருவரையும் வரச் சொன்னார். உட்கார வைத்துக் கடிதத்தை வாசித்தார். நாலு வருஷம் பொய் எழுதியதாக ஒப்புக்கொண்டவரின் மற்ற இருபத்தேழு வருஷத்தையும் நம்ப இடமில்லை. ஆகவே முப்பத்தோரு வருஷப் பதிவும் ரத்து. புது அளவுகள் அனுமதியில்லாத நபர் எழுதியவை, அவையும் செல்லாது. அந்த இரண்டரை ஏக்கர் இன்றுமுதல் கணக்கெடுப்பு இடம் இல்லை. புதிய இடம் வேறு மாவட்டத்தில், பசுமையான ஒரு காட்டில் தேர்ந்தெடுக்கப்படும்.

"அப்ப கிணறு?" என்றாள் மனைவி.

அம்மாள் கடிதத்தை மேசைமேல் வைத்தார். "நிபந்தனையே அந்த இடத்தோட அளவை வச்சுத்தாம்மா. இடமே இல்லைன்னு ஆயிட்டதால நிபந்தனையும் இல்லையாம். வாரியத்துக்கும் எழுதிட்டாங்க. அவங்க இன்னும் நாலு கிணறு கேட்டிருக்காங்க."

கீழே இறங்கி வந்து அலுவலகத்து மதிலோரம் நின்றார்கள். எதிரே பஸ்ஸுக்கு ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தி கையில் காலிக் குடம். நீங்கள் செய்ததுதான் சரி என்று சொல்ல நினைத்து, மனைவி அவர் சட்டைக் கையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டாள்.

"பொய்யே எழுதிட்டு இருந்திருந்தேன்னா," என்றார் அவர், "என்னைக்காவது ஒருத்தன் எனக்கப்புறம் வந்து சரியா அளந்திருப்பான். கிணத்தை மூட ஒரு வழியாவது இருந்திருக்கும். நான் உண்மையைச் சொல்லி அதையும் அடைச்சுட்டேன்."

பஸ் வந்தது, குடம் வைத்திருந்தவளை முதலில் ஏறவிட்டு இருவரும் ஏறினார்கள்.